டெஸ்பாட்ச்சில் இருந்த ஆறு கணினிகள்

போதும். நீ கேட்டுக்கொண்டபடி வாயை மூடிக்கொண்டு இருந்தாகிவிட்டது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் சில மாதங்கள், பழக்கத்தினாலோ மரியாதையினாலோ, மூடியேதான் வைத்திருந்தேன். இனி யாருக்காக?

சென்ற வாரம் நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கு ஒரு மினி லாரி நிறையப் பழைய கணினிகள் வந்தன. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை கழித்துப்போட்டவை, நன்கொடையாம். எந்தத் தொழிற்சாலை என்று முதல்வரிடம் நான் கேட்கவில்லை. முதல் பெட்டியின் மூடியைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது. உருக்காலைக் கரித்தூளும் காய்ந்து பொடியான சந்தனமும் கலந்த அந்த வாசனை. முகப்பில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தடித்துப்போன பொட்டு. திருவள்ளூரின் இந்த ஆய்வுக்கூடத்தில், சன்னல் எல்லாம் சாத்தியிருந்தும், நான் மறுபடியும் உன்னுடைய அந்தத் தொழிற்சாலைக் கூடத்தில் நின்றேன்.

மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். நெட்வொர்க் கேபிள் எதையும் செருகவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. கணினி தன் மையக் கணினியான சர்வரைத் தேடியது, கிடைக்கவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடி தேடியது. பிறகு ஆங்கில எழுத்துகளில் ஒரு தமிழ் வரி வந்தது: "சர்வர் பேசல. நானே பாத்துக்கறேன்." அடுத்த நிமிடம் லினக்ஸ் ஒழுங்காக எழுந்து நின்றது.

அந்த வரியை எழுதியவன் நான். உனக்குத் தெரியும். அதற்கு மேலே, நான் எழுதாத ஒரு வரி சேர்ந்திருந்தது. வடிவமைப்பு என்று போட்டு உன் பெயர்.

இறந்தவனின் பெயரை எதிர்பாராமல் பார்த்தால் நெஞ்சு இளகும் என்பார்கள். எனக்கு இளகவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அந்தப் பெயரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இதை எழுத ஆரம்பித்தேன். இனி நான் சொல்லப்போவதில் நீ அறியாதது அதிகமில்லை. ஆனால் இதை வேறு சிலரும் படிக்கப்போகிறார்கள். அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

பொறியியல் கல்லூரியில் நமக்கு ஒரே வகுப்பு. நீ பொன்னேரிக்காரன், ஊரைச் சுற்றி நெல் வயல் உள்ள குடும்பம். நான் ஆந்திர எல்லையோரத்துப் பள்ளிப்பட்டிலிருந்து வந்தவன். பள்ளிப்பட்டு என்றதுமே உனக்கு அது ஆந்திரா. முதல் நாளே முதுகில் தட்டி, "இன்னா நைனா, பார்டர் தாண்டிக்கினு வந்துட்டியா?" என்றாய். வகுப்பு முழுவதும் சிரித்தது. நான்கு வருடமும் அதற்குப் பிறகும் என் பெயர் நைனாதான். பேராசிரியர்கள்கூட ஒன்றிரண்டு தடவை அப்படிக் கூப்பிட்டார்கள். அப்போது அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைகளோடு இலவசமாக வரும் குறுந்தகடுகளை வைத்துக்கொண்டு, ஒரே கணினிமுன் இரண்டு நாற்காலி போட்டு, நாம் லினக்ஸ் கற்றோம். ஒருவன் தட்டச்சு செய்வான், மற்றவன் திட்டுவான். உன் கை வேகம். என் கை மெதுவாகப் போகும், ஆனால் தப்பாது. நீதான் அப்படிச் சொன்னாய், நான் அல்ல.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துத் தரும் அந்தத் தொழிற்சாலையில், நீ முதலில் சேர்ந்தாய். கணினிப் பிரிவுக்குத் தலைவன் ஆனதும் என்னை அழைத்துக்கொண்டாய். நான் பொன்னேரியில் அறை எடுத்தேன். காலை மின்ரயிலில் நீ எனக்கும் சேர்த்து டிபன் கொண்டுவருவாய். "நாஷ்டா துன்னியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டப்பாவை நீட்டுவாய். கவரப்பேட்டை வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். உன்னை வெறுப்பதற்கு எனக்கு இவ்வளவு நாள் பிடித்ததற்கு அந்த இட்லிகளும் ஒரு காரணம்.

கூடத்தில் அறுபதுக்கு மேற்பட்ட மேசைகள். சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள்தான் பெரும்பாலும் அங்கே வேலை. மேசைக்கொரு கணினி. எந்த ஒயர் எங்கே போகவேண்டும் என்ற படம் திரையில் வரும், முடிந்த கட்டுக்கு அதுதான் லேபிள் அடிக்கும். திரை இல்லையென்றால் வேலை இல்லை. அந்தக் கணினிகளோ பக்கத்து உருக்காலைகளின் கரித்தூளைத் தின்றே செத்துக்கொண்டிருந்தன. வாரத்துக்கு ஒன்றிரண்டு டிஸ்க் போகும். ஒவ்வொன்றிலும் மறுபடி எல்லாவற்றையும் போட்டு நிறுத்துவதே நம் பிழைப்பாக இருந்தது.

அப்போதுதான் எல்லாவற்றையும் நெட்வொர்க் வழியாகவே எழுப்பிவிடலாம் என்று முடிவானது. மேசைக் கணினி விழித்ததும், நான் யார், எதை ஓட்டவேண்டும் என்று நெட்வொர்க்கில் கேட்கும். சர்வர் அதற்கு ஒரு முகவரியும் ஒரு சிறிய தொடக்கக் கோப்பும் கொடுக்கும். அதன்பின் முழு லினக்ஸும் வேண்டும். அதை ஒரே பெரிய கோப்பாகக் கட்டி வைத்திருப்போம், இமேஜ் என்போம். அந்த இமேஜ் எங்கே இருப்பது என்பதில்தான் நாம் பிரிந்தோம்.

நீ சர்வரில் மட்டும் என்றாய். மேசைகளில் டிஸ்க்கே கூடாது. காலையில் ஒவ்வொரு கணினியும் முழு இமேஜையும் சர்வரிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். தொழிற்சாலை வாசல் டீக்கடையில் நின்று, "டிஸ்க்கே இல்லன்னா இன்னாடா சாவும்?" என்று கேட்டாய். நல்ல கேள்விதான். முட்டாள்தனமான யோசனை என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன்.

நான் சொன்னது வேறு. சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. என்ற சின்ன டிஸ்க் ஒன்றை ஒவ்வொரு மேசையிலும் வைப்போம். தூசி அதை ஒன்றும் செய்யாது. தொடக்கக் கோப்பும் இமேஜின் நகலும் அதிலேயே இருக்கட்டும். காலையில் கணினி சர்வரிடம் கேட்கவேண்டியது கைரேகை போன்ற ஒரு நீண்ட எண்ணை மட்டும். உள்ளே இருக்கும் இமேஜின் எண்ணும் சர்வர் சொல்லும் எண்ணும் ஒன்றானால் உள்ளே இருப்பதையே ஓட்டு. வேறானால் மட்டும் புதிதாக வாங்கிக்கொள். சர்வரே பேசாவிட்டால், இருப்பதை வைத்துக்கொண்டு எழுந்திரு.

நீ டீ கிளாசை வைத்துவிட்டுச் சிரித்தாய். "மேசைக்கு ஒரு கோயிலு கட்டணும்ன்ற. நான் ஊருக்கு ஒரே கோயிலு போதும்ன்றேன். எல்லாம் வந்து கும்புட்டுக்கினு போவட்டும்."

"எல்லாரும் ஒரே நேரத்துல வந்தா?"

"எங்கடா வர்றாங்கோ? பஸ்ஸு ஒண்ணொண்ணும் ஒரு நேரத்துக்கு வருது."

அது உண்மை. மூன்று ஷிஃப்ட். பஸ்கள் முன்னும் பின்னுமாக வரும். பெண்கள் நாலைந்து பேராக வந்து உட்காருவார்கள். கணினிகளும் அப்படித்தான் கண் விழிக்கும். ஞாயிற்றுக்கிழமையிலும் ஏதாவது இரண்டு வரிசை ஓடிக்கொண்டேயிருக்கும். எல்லாம் ஒன்றாக அணைந்து ஒன்றாக எழும் நாள் ஒன்றுகூட அந்தத் தொழிற்சாலைக்கு இல்லை என்று நீ நினைத்தாய்.

எம்.டி. உன் திட்டத்துக்குத் தலையாட்டினார். நான் முரண்டு பிடிக்கவில்லை. உன்னுடையதைத்தான் இரவு பகலாக உட்கார்ந்து நிறுவினேன். ஒன்று மட்டும் கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம், சரக்கை அனுப்பிவைக்கும் டெஸ்பாட்ச் பகுதியில் ஆறு கணினிகள். கேபிள் நீண்டு போவதால் அங்கே எப்போதும் தொல்லை. அந்த ஆறில் என் முறையைச் செய்து பார்க்கட்டுமா என்றேன். "வெச்சிக்கோ, உன் ஆறு கோயிலு," என்றாய். உன் வாயால் நீ கொடுத்த அனுமதி அது.

மாதங்கள் ஓடின. உன்னுடையது வேலை செய்தது. என்னுடையதும் வேலை செய்தது. ஆயுத பூஜை வந்தது.

வெளியூர்க்காரர்களுக்காக இதையும் சொல்லவேண்டும். ஆயுத பூஜையன்று தொழிற்பேட்டையில் எல்லா இயந்திரத்தையும் நிறுத்தி, கழுவித் துடைத்து, பொட்டு வைப்பார்கள். வாழைக்கன்று, பொரி, கடலை, பூசணிக்காய். பூஜை போட்டபின் இயந்திரத்தைத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் முதலாளி கற்பூரம் காட்டி, தன் கையால் ஓட்டிவிடவேண்டும். நம் ஏற்பாடு வந்தபின் அதுதான் முதல் ஆயுத பூஜை.

நீ அதை வெறும் பூஜையாக விடவில்லை. கார் கம்பெனியிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். எம்.டி. ஒரே ஒரு மெயின் சுவிட்சைப் போடவேண்டும், கூடம் முழுவதும் திரைகள் ஒரே நேரத்தில் எரியவேண்டும். அதற்காக, மின்சாரம் வந்ததும் தானாகவே எழுந்துகொள்ளும்படி எல்லாக் கணினிகளையும் முன்கூட்டியே மாற்றி வைத்தாய். பெண்கள் மேசைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் உன் அருகில் வந்து மெதுவாகச் சொன்னேன், ஒரே நேரத்தில் அத்தனையும் முழு இமேஜைக் கேட்டால் சர்வருக்கு மூச்சு முட்டும், வரிசை வரிசையாகப் போடலாம் என்று.

"எம்.டி. கற்பூரத்தக் காட்டிட்டு ரேஷன் கட கியூ மாதிரி ஒவ்வொண்ணா போட்டுக்கினு நிப்பாரா? போடா."

சரி, பூஜை முடிந்ததும் ஒரு தடவை மெயினைப் போட்டுப் பார்த்துவிடலாமா என்றேன். உன் முகம் மாறியது. "பூஜ போட்டத தொடக்கூடாதுடா. நல்ல நாள் அதுவுமா வாய வெக்காத." கணினிப் பிரிவின் தலைவன் சோதித்துப் பார்க்க மறுத்தது அப்படித்தான். நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. சாமிக்கு வைத்ததைத் தொடு என்று சொல்ல என் நாக்கும் எழவில்லை.

காலையில் பூசணிக்காய் உடைந்தது. கார் கம்பெனிக்காரர்கள் கால்சட்டையில் குங்குமம் படாமல் ஒதுங்கி நின்றார்கள். எம்.டி. கற்பூரத் தட்டை, ஒரு வரிசைக்குப் பொறுப்பான லைன் லீடர் பெண்ணிடம் கொடுத்துவிட்டு மெயினைப் போட்டார். அறுபதுக்கு மேற்பட்ட கணினி விசிறிகள் ஒன்றாகச் சுழன்றன. எல்லோரும் கைதட்டினார்கள். திரைகளில் ஒரே வெள்ளை வரி வந்தது. அதோடு நின்றது.

அப்புறம் நடந்ததை நீயும் நானும் மட்டும்தான் புரிந்துகொண்டோம். சர்வர் யாருக்கும் முழுதாகக் கொடுக்கமுடியாமல் எல்லோருக்கும் துளித்துளியாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. காத்திருந்து காத்திருந்து கணினிகள் முதலிலிருந்து மறுபடி கேட்டன. கேட்கக் கேட்க நெரிசல் கூடியது. கைதட்டல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற லைன் லீடர் பெண் என் பக்கம் குனிந்து, "இன்னா சார், எல்லாம் கண்ணத் தொறந்துக்கினு நம்பளயே பாக்குது," என்றாள். கற்பூரம் அணைந்துவிட்டது. எம்.டி. உன்னைப் பார்த்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் டெஸ்பாட்ச்சில் ஆறு கணினிகளும் எழுந்து வேலைக்குத் தயாராக நின்றன. அவை எண்ணைக் கேட்டன. சர்வர் பதில் சொல்லவில்லை. தாமே பார்த்துக்கொண்டன. அதை நான் போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தேன். உன்னிடம் சொல்லி, நிலைமையைச் சமாளிக்கலாம் என்றுதான் ஓடிவந்தேன். நான் வாய் திறப்பதற்குள் நீ எம்.டி.யிடம் சொல்லிக்கொண்டிருந்தாய்.

"இவன் டெஸ்பாட்ச்ல ஆறு மிஷின்ல என்னமோ தனியா போட்டு வெச்சிருக்கான் சார். அதான் மொத்த நெட்வொர்க்கையும் இழுக்குது."

விருந்தாளிகள் முன்னால். பெண்கள் முன்னால். இவன் என்றாய்.

நான் பேச ஆரம்பித்தேன். எம்.டி. கையைக் காட்டி நிறுத்தினார். அந்த ஆறையும் பிடுங்கச் சொன்னார். நான் போய், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஆறு கணினிகளின் கேபிள்களை என் கையாலேயே பிடுங்கினேன். திரும்பி வந்தபோது கூடத்தில் முதல் வரிசைத் திரைகள் எரிந்துகொண்டிருந்தன. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. எம்.டி. உன் தோளில் கை போட்டிருந்தார். நீ நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா சார்?" என்றாய்.

அன்று மாலை கம்பெனி பஸ் அருகே அந்த லைன் லீடர் பெண் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். நான் டெஸ்பாட்ச்சுக்குப் போனதும் நீ மின்சாரப் பேனல் அறைக்குள் போய்க் கூடத்து வரிசைகளின் சுவிட்சுகளையெல்லாம் அணைத்தாய், கொஞ்சம் பொறுத்துப் பொறுத்து ஒவ்வொரு வரிசையாகப் போட்டாய் என்றாள். "நான் பாத்தேன் சார். ஆனா என் பேர இதுல இழுக்காதீங்கோ. எனக்கு இந்த வேலதான்." நான் இழுக்கவில்லை. இப்போதும் அவள் பெயரை எழுதவில்லை.

ஆக, நான் சொன்னதை நீ நம்பியிருந்தாய். அதுதான் என்னால் செரிக்க முடியாதது. அறியாமல் என்மேல் பழி போட்டிருந்தால் அது வேறு. நோய் இன்னதென்று தெரிந்து, நான் சொன்ன மருந்தையே எடுத்து, அதை யாரும் பார்க்காத அறையில் கொடுத்துவிட்டு, நோயே நான்தான் என்று சொன்னாய். தவறான யோசனையை மன்னிக்கலாம். பயத்தில் வந்த ஒரு வாக்கியத்தைக்கூட மன்னித்திருப்பேன், மறுநாள் காலை ரயிலில் டிபன் டப்பாவோடு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். மறுநாள் நீ வேறு பெட்டியில் ஏறினாய்.

அந்த வாரமே என்னை எடைமேடைக்கு மாற்றினாய். உள்ளே வரும் லாரி, வெளியே போகும் லாரி, ஒரு கணினி. பொங்கலுக்கு முன் நான் விலகினேன். வேறு வேலைக்குப் போகலாம் என்று நினைத்தேன். தொழிற்பேட்டை வெளியிலிருந்து பார்க்கப் பெரியது. உள்ளே எல்லோரும் ஒரே கடையில் டீ குடிப்பவர்கள். ஓர் இடத்தில் நேர்காணலில் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, எதிரே இருந்தவர் என் பழைய கம்பெனியின் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஓ, பூஜ அன்னிக்கு லைன நிறுத்துனது நீங்கதானா?" என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. வேலை மட்டும் தரவில்லை. இன்னொரு இடத்தில் சிரிக்கவும் இல்லை. கடைசியில் திருவள்ளூரில் இந்தக் கல்லூரியில் ஆய்வுக்கூடப் பொறுப்பு கிடைத்தது. இங்கே யாருக்கும் அந்தப் பூஜை நாள் கதை தெரியாது. நம்மோடு படித்தவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். நான் மாணவர்களின் மவுஸ் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குள் நீ எல்லா மேசைகளிலும் சின்ன எஸ்.எஸ்.டி. வைத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். இமேஜ் அந்தந்த மேசையிலேயே. காலையில் சர்வரிடம் எண்ணை மட்டும் கேட்கும். நான் விட்டுவிட்டு வந்த ஆறு கணினிகளிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறாய். என் கேலி வரியைக்கூட நீக்காமல், மேலே உன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டாய். தொழிற்பேட்டைச் சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினாயாம். சால்வை போட்டார்களாம். மற்ற ஆலைகளும் உன்னை அழைத்து அதையே செய்துகொண்டனவாம். அந்த விஜயதசமியில் எம்.டி. மெயினைப் போட்டதும் கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் எரிந்ததாம். எரியும். எனக்குத் தெரியும் எரியும் என்று.

பிறகு பல வருடங்கள் உன்னைப் பார்க்கவில்லை. ஒரு ஆடி ஞாயிறு, பெரியபாளையத்து அம்மன் கோயிலில் கூட்டத்துக்கு நடுவே பார்த்தேன். நான் என் அக்கா குடும்பத்தோடு வந்திருந்தேன். நீ வேப்பிலைக் கொத்தை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மேல்சட்டை இல்லாமல், கோயிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தாய். பாதியாகிப் போயிருந்தாய். உடம்புக்கு என்ன என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. சுற்றி முடித்து என் எதிரே வந்து நின்றாய்.

"நைனா, நீ சொன்னதுதான்டா ரைட்டு," என்றாய். வணக்கம்கூட இல்லை, நலமா என்றுகூட இல்லை. இத்தனை வருடமாக அந்த வாக்கியத்தை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தவன்போல் சொன்னாய்.

"அத நாலு பேர் எதிர்ல சொல்லு."

தலையைக் குனிந்துகொண்டாய். "பசங்க படிச்சிக்கினு கீதுங்கோ. இப்ப போயி அத்த எடுத்தா பேஜாரா பூடும். நான் கீற வரைக்கும் வாணாம்டா. அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

நான் பதில் சொல்வதற்குள் உன் மனைவி பொங்கல் பாத்திரத்தோடு வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். இலையில் பொங்கலை வைத்து என் கையில் கொடுத்துவிட்டு, "நல்லா கீறீங்களா அண்ணா? அன்னிக்கி நீங்க பண்ணத இவரு மனசுல வெச்சிக்கவே இல்ல. உங்களப் பத்தி நல்லாத்தான் சொல்வாரு. நாங்களும் எப்பவோ மறந்துட்டோம்," என்றாள்.

அவள் மனதார மன்னித்தாள். நீ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். வேப்பிலையைச் சரிசெய்துகொண்டாய். அவளிடம் இல்லை என்று சொல்ல உனக்கு ஒரு மூச்சு போதும். நீ அதைச் செலவழிக்கவில்லை. நான் சூடான பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு, செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு நின்றேன். சாப்பிடு என்றாள். சாப்பிட்டேன். கூடத்தில் நீ இவன் என்று சொன்னதைவிட எனக்கு இதுதான் பெரியது. அங்கே என் வேலைதான் போனது.

உன் வேண்டுகோளை நான் ஏற்றுக்கொண்டதாக நீ நினைத்தாய். ஏற்றுக்கொண்டதாகத்தான் ஆயிற்று. நீ இருந்த வரைக்கும் ஒருவரிடமும் சொல்லவில்லை. உன் சாவுக்கு வரவில்லை. அதற்காக என்னைக் குறை சொன்னவர்கள் உண்டு.

போன மாதம் தாமோதரன் போன் செய்தான். உன் இடத்தில் இப்போது இருப்பவன், உன்னிடம் வேலை கற்றவன். உன் பெயரில் ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். "சார், நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா படிச்சவங்க. ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க," என்றான். பார்க்கலாம் என்றேன். மற்றவர்கள் எழுதியதில் சிலவற்றை மாதிரிக்கு அனுப்பியிருந்தான். ஒருவர் எழுதியிருந்தார்: விஜயதசமியன்று, விருந்தாளிகள் முன்னிலையில், ஓர் உதவியாளரின் தவறால் கூடமே இருண்டபோது, நீ பதறாமல் சில நிமிடங்களில் மீட்டெடுத்தாய், பிறகு அப்படியொரு தவறு இனி நடக்காதபடி ஒரு புதிய முறையையே உருவாக்கினாய், தவறு செய்தவரைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் சொன்னதில்லை. அழகாக எழுதப்பட்டிருந்தது. அச்சாகிவிட்டால் அதுதான் நடந்தது. என் பிள்ளைகளும் உன் பிள்ளைகளும் இல்லாத காலத்திலும் அதுதான் நடந்தது.

உன்னைப் பற்றி அவர்கள் எழுதியிருப்பதில் பாதி உண்மை. முதுகு சாய்த்து உட்கார நாற்காலி வேண்டும் என்று அந்தப் பெண்களுக்காக நீ எம்.டி.யிடம் மல்லுக்கட்டியது உண்மை. ஒருத்தியையும் நீ அதட்டியதில்லை என்பதும் உண்மை. அதுதான் எனக்குத் தொல்லை. நீ முழு அயோக்கியனாக இருந்திருந்தால் உன்னை மறந்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நல்லவனாக இருக்க உனக்குத் தெரியும். என்னிடம் மட்டும், அந்த ஒரு காலையிலும் அதன் பின் வந்த எல்லாக் காலைகளிலும், இருக்கவேண்டாம் என்று முடிவு செய்தாய்.

இதை எழுதினால் கோபம் வடிந்துவிடும் என்று நினைத்தேன். வடியவில்லை. தினமும் துடைத்து வைத்ததுபோல் அது புதிதாகவே இருக்கிறது. அதைச் சுமந்துகொண்டுதான் காலையில் ஆய்வுக்கூடத்தைத் திறக்கிறேன், அதைச் சுமந்துகொண்டுதான் சாயங்காலம் பூட்டுகிறேன். பாரம் பழகிவிட்டது. இறக்கி வைத்தால் என் நடை கோணிவிடுமோ என்றுகூட இருக்கிறது.

இதை உன் மனைவிக்கு அனுப்பவில்லை. அனுப்ப முகவரி தெரியும். அவளுக்கு நீதான் சொல்லியிருக்கவேண்டும். அந்த வேலையை உனக்காக நான் செய்யமாட்டேன். தாமோதரனுக்கு அனுப்புகிறேன். படித்துவிட்டு அவர்கள் அந்த விஜயதசமிக் கட்டுரையை எடுத்துவிடலாம், அப்படியே அச்சடிக்கவும் செய்யலாம். அச்சடித்தால் தெரிந்தே அச்சடிக்கட்டும். எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் என் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். யார் எழுதியது என்று படிக்கிறவர்களுக்குத் தெரியாமல் போகாது. அதில் எனக்குப் பயமில்லை. பெயர் போட்டால் அவர்கள் அதற்கு ஓர் இடம் கண்டுபிடித்துவிடுவார்கள். கடுமையான வரிகளை நீக்கிவிட்டு, ரயில், இட்லி, லினக்ஸ் கற்றது இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம் கேட்டு வாங்கி, நண்பர்களின் அஞ்சலி என்ற தலைப்பின்கீழ் என்னையும் உட்கார வைத்துவிடுவார்கள். உனக்காக அழுதவர்களில் ஒருவனாக நான் அச்சில் இருப்பேன். மாட்டேன்.

உறையை ஒட்டிவிட்டேன். அனுப்புநர் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. நாளைக் காலை கல்லூரிக்குப் போகும் வழியில் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.